தினமும் நடக்கிறேன், எலும்பு மட்டும் ஏன் இளைக்கிறது?

கோவையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 63 வயது. மழையோ பனியோ, காலை ஐந்தரைக்கெல்லாம் ரேஸ்கோர்ஸில் இருப்பார். இரண்டு ரவுண்டு நடை, அப்புறம் தோழிகளோடு ஒரு காபி, பதினைந்து வருஷமாக இதுதான் வழக்கம். போன வருஷம் டாக்டர் சொன்னாரே என்று எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று எடுத்தார். இடுப்பில் டி-ஸ்கோர் மைனஸ் 1.8 என்று வந்தது. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிய கையோடு எனக்குப் போன் செய்தார். "ஏன் கண்ணு, தெனமும் இத்தன நடக்கறேன், எனக்குப் போயி எலும்பு தேஞ்சிருச்சுங்கறாங்களே?"

நியாயமான கேள்விதான். நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நமக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். இதயத்துக்கு, சர்க்கரைக்கு, மனசுக்கு நடை நல்லது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் எலும்பு போடுகிற கணக்கு வேறு.

முதலில் அந்த "தேஞ்சிருச்சு" என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். எலும்புத் தேய்மானம் என்று நம்மூரில் இரண்டு வெவ்வேறு சங்கதிகளைச் சொல்கிறோம். மூட்டுக்குள் எலும்பு முனையை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு கெட்டு, படி ஏறினால் முட்டி வலிக்கிறதே, அது ஒன்று. எலும்புக்குள்ளேயே சரக்கு குறைந்து, வெளியில் எந்த வலியும் காட்டாமல், ஒருநாள் பாத்ரூமில் வழுக்கி விழும்போது இடுப்பு உடைகிறதே, அது இன்னொன்று; எலும்புப்புரை என்றும் ஆஸ்டியோபோரோசிஸ் என்றும் சொல்வது இதைத்தான். டெக்ஸா அளப்பது இந்த இரண்டாவதை. ஆரோக்கியமான இளவயதினரின் சராசரி எலும்பு அடர்த்தியோடு உங்களுடையதை ஒப்பிட்டு ஒரு எண் தருவார்கள். மைனஸ் 1 வரை கவலையில்லை, மைனஸ் 2.5-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ எலும்புப்புரை, நடுவில் இருப்பவர்களுக்கு அடர்த்தி குறைவு. பெரியம்மா அந்த நடுவில் இருக்கிறார்.

சரி, எலும்பு எதனால் ஆனது? கால்சியம் என்று பட்டென்று பதில் வரும், ஆனால் அது பாதிப் பதில்தான். வீட்டில் கோழிக்கால் சாப்பிட்டபின் ஒரு எலும்பைக் கழுவி, வினிகரில் முழுக்க மூழ்கும்படி போட்டு, நாலைந்து நாள் விட்டுவிடுங்கள், நடுவில் ஒருமுறை வினிகரை மாற்றினால் நல்லது. எடுத்துப் பார்த்தால் உருவம் அப்படியே இருக்கும், ஆனால் ரப்பர் மாதிரி வளையும். வினிகரின் அமிலம் கால்சியம் உப்பைக் கரைத்து எடுத்துவிட்டது, கையில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத நார். இதற்கு நேர் எதிரான காட்சியையும் நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். தகனத்துக்கு மறுநாள் எலும்பு பொறுக்கப் போயிருந்தால் தெரியும், விரலால் லேசாக அழுத்தினாலே பொருபொருவென்று நொறுங்கும். அங்கே நெருப்பு கொலாஜனை எரித்துவிட்டு உப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறது.

உயிருள்ள எலும்பில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. வீடு கட்டும்போது கம்பி கட்டி கான்கிரீட் போடுகிறோமே, அந்த மாதிரி. இழுவையையும் முறுக்கையும் கொலாஜன் தாங்கும், நசுக்கும் பாரத்தைக் கால்சியம் பாஸ்பேட் உப்பு தாங்கும். எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு உப்பு, கால் பங்குக்குக் கிட்டத்தட்ட கொலாஜன் முதலான புரதங்கள், மீதி தண்ணீர். அந்தத் தண்ணீரை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஆனால் உடற்பயிற்சி விஷயத்தில் அதுதான் கதாநாயகன், கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

கான்கிரீட் தூணை ஒருமுறை போட்டால் போட்டதுதான். எலும்பு அப்படியில்லாமல் தன்னைத் தானே இடித்து இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கும். வளர்ந்த ஒருவரின் எலும்புக்கூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கப்படுகிறது. பழைய எலும்பைக் கரைக்கும் செல் கூட்டத்துக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர், புது எலும்பு போடும் கூட்டத்துக்கு ஆஸ்டியோபிளாஸ்ட். பெயர்கள் குழப்பினால் இடிக்கிற ஆள், கட்டுகிற ஆள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தை இடிக்க இரண்டு மூன்று வாரம் போதும், அதே இடத்தைக் கட்டி முடிக்க மூன்று நாலு மாதம் ஆகும். முதலில் கொலாஜன் நாரைப் பாய் போல விரித்து, அதன் மேல் உப்பு படிகிறது, படிந்த உப்பு அப்புறமும் மாதக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். எலும்பு விஷயத்தில் அவசரப்படுகிறவர்கள் இந்த வாக்கியத்தை மறுபடி ஒருதரம் படிக்கலாம்.

இடிப்பவருக்கும் கட்டுபவருக்கும் உத்தரவு போடும் மேஸ்திரி ஒருவர் வேண்டுமே. அவர்தான் ஆஸ்டியோசைட். கட்டுகிற ஆட்களிலேயே சிலர், தாங்கள் கட்டிய சுவருக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, அங்கேயே குடியிருந்து, இப்படி மாறுகிறார்கள். ஒரு மனித உடலில் இவை சுமார் 4,200 கோடி இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மிக மெல்லிய கால்வாய்கள் வழியே பக்கத்துச் செல்களோடு கை கோத்திருக்கும், அந்தக் கால்வாய்களில்தான் நான் சொன்ன தண்ணீர் ஓடுகிறது.

நீங்கள் குதித்து இறங்கும்போது தொடை எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது, ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அந்தச் சின்ன வளைவே கால்வாய்த் தண்ணீரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளப் போதும், தண்ணீர் உரசிப் போவதை ஆஸ்டியோசைட் உணர்ந்துகொள்ளும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை ஊறவைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள், தண்ணீர் சோம்பலாகக் கசியும். அதையே வெடுக்கென்று அழுத்தினால் பீய்ச்சி அடிக்கும். அழுத்தியபடியே பத்து நிமிஷம் பிடித்திருந்தால்? முதலில் கொஞ்சம் வரும், அப்புறம் ஒன்றும் வராது. சும்மா நின்றுகொண்டே இருப்பது எலும்புக்கு ஏன் அவ்வளவாக உதவாது, திடீரென்று வந்து விலகும் பாரம் ஏன் அதை உசுப்பிவிடுகிறது என்பது இந்த ஸ்பாஞ்சிலேயே இருக்கிறது.

உரசலை உணராத ஆஸ்டியோசைட் ஸ்க்லெரோஸ்டின் என்ற புரதத்தைச் சுரந்து, "வேலை ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று கட்டுகிற ஆட்களை அனுப்பிவிடும். பாரம் வந்தால் அந்தச் சுரப்பு குறையும், கட்டுமானம் ஓடும். இது வெறும் ஆய்வகச் சுவாரசியம் என்று நினைக்க வேண்டாம், இதே ஸ்க்லெரோஸ்டினைத் தடுக்கும் ரோமோசோஸுமாப் என்ற ஊசி மருந்துக்கு 2019ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குதிப்பதால் உடம்புக்குள் நடக்கிற ஒன்றை மருந்தாக்கி விற்கிறார்கள் என்று கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்லலாம்.

எலும்பு பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்பதை பெர்லினில் இருந்த யூலியுஸ் வோல்ஃப் என்ற அறுவை மருத்துவர் 1892லேயே புத்தகமாக எழுதிவிட்டார். எந்த மாதிரிப் பாரம், எத்தனை தடவை என்பதுதான் வெகுகாலம் தெரியாமல் கிடந்தது. 1984ல் ரூபின், லான்யன் என்ற இரண்டு பேர் பறவைகளின் இறக்கை எலும்பில் ஒரு சோதனை செய்தார்கள். வேறு எந்த அசைவும் படாமல் அந்த எலும்பைப் பிரித்துவைத்து, இயந்திரத்தால் தினமும் குறிப்பிட்ட தடவை மட்டும் பாரம் கொடுத்தார்கள். பாரமே இல்லாவிட்டால் எலும்பு கரைந்தது. நாளைக்கு நாலே நாலு தடவை கொடுத்தால் கரைவது நின்றது. 36 தடவை கொடுத்தால் வளர்ந்தது. அதற்கு மேல் நூற்றுக்கணக்கில் கொடுத்தும் கூடுதல் பலன் இல்லை!

கொஞ்ச நேரத்திலேயே எலும்பின் காது அடைத்துப் போகிறது. ஒரே இரைச்சலில் இருந்தால் நமக்கு அந்தச் சத்தம் கேட்காமல் போகிறதே, அதேதான். பெரியம்மாவின் நடைக்கு என்ன ஆயிற்று என்று இப்போது புரிந்திருக்கும். நடக்கும்போது தரையிலிருந்து காலுக்கு வரும் விசை உடல் எடையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், அதுவும் ஒரே மாதிரி, ஒரே திசையில், ஒரு காலைக்கு ஆயிரக்கணக்கான தடவை. பதினைந்து வருஷமாகக் கேட்டுப் பழகிய பாட்டுக்கு எலும்பு எதற்காகத் தலையாட்ட வேண்டும்? படுத்தே கிடப்பதைவிட நடப்பது மேல், இருப்பதைக் காப்பாற்ற ஓரளவு உதவும். புதிதாகக் கட்டச் சொல்லும் அளவுக்கு அதில் அதட்டல் இல்லை.

இன்னொரு சோதனையும் எனக்குப் பிடிக்கும், 2002ல் எலிகளின் முன்கை எலும்பில் செய்தது. நாளைக்கு 360 தடவை பாரம், ஒரு கூட்டத்துக்கு ஒரே மூச்சில், இன்னொரு கூட்டத்துக்கு 90 வீதம் நாலு தவணையாக, நடுவில் ஓய்வு விட்டு. 16 வாரம் கழித்துப் பார்த்தால் தவணை முறைதான் ஜெயித்திருந்தது. அதைவிட ஆச்சரியம், அதிலும் எலும்பு அடர்த்தி வெறும் ஐந்து சதவீதம் சொச்சம்தான் ஏறியிருந்தது, ஆனால் எலும்பை உடைக்கத் தேவைப்பட்ட விசை 64 சதவீதம் கூடியிருந்தது. ஐந்து எப்படி அறுபத்து நாலாகும்?

சரக்கு எங்கே படிகிறது என்பதில் இருக்கிறது பதில். மூங்கிலை நினைத்துக்கொள்ளுங்கள், உள்ளே ஓட்டையாக இருந்தும் அதே எடையுள்ள ஒல்லியான கெட்டிக் குச்சியைவிட எவ்வளவு பலம். நடுவிலிருந்து எவ்வளவு தள்ளிப் பொருள் இருக்கிறதோ அவ்வளவுக்கு வளைவை எதிர்க்கும். ஒரு தடியை பத்து சதவீதம் பருமனாக்கினால் அதன் விறைப்பு 46 சதவீதம் ஏறும், கணக்கு அப்படி. பாரம் அதிகமாகத் தைக்கும் வெளிப்பக்கத்தில் பார்த்துப் பார்த்து எலும்பு படிகிறது. டெக்ஸா ஒரு நிழல் படம் மாதிரி, எவ்வளவு உப்பு இருக்கிறது என்று சொல்லும், எங்கே இருக்கிறது என்று சரியாகச் சொல்லாது. அதனால் ஒரு வருஷப் பயிற்சிக்கு அப்புறம் ரிப்போர்ட்டில் ஒன்றிரண்டு சதவீதம்தான் ஏறியிருக்கிறது என்று யாராவது சோர்ந்து போனால், அவர் பெற்றது அதைவிட அதிகமாக இருக்கலாம்.

மனிதர்களில் இதைப் பார்க்க அழகான வழி, ஒரே ஆளின் இரண்டு கைகளை ஒப்பிடுவது. அப்பா அம்மா கொடுத்த ஜீன், சாப்பாடு, ஹார்மோன் எல்லாம் இரண்டு கைக்கும் பொது. அமெரிக்க பேஸ்பால் பந்து வீச்சாளர்களை இப்படி ஆராய்ந்து 2014ல் வெளியிட்டார்கள். பந்து எறியும் கையின் மேற்கை எலும்பு, முறுக்கைத் தாங்குவதில் மறுகையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பலமாக இருந்தது. ஓய்வு பெற்றுப் பல பத்தாண்டுகள் கழிந்த கிழவர்களையும் விடவில்லை. அடர்த்தியில் கிடைத்தது போய்விட்டிருந்தது, ஆனால் சிறுவயதில் எறிந்து எறிந்து எலும்பு கூடுதலாகப் பெற்ற பருமனில் பாதியும், கூடுதல் பலத்தில் மூன்றில் ஒரு பங்கும் சாகும்வரை கூடவே இருந்தன.

பாரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு விண்வெளி வீரர்கள். எடையே இல்லாத இடத்தில் அவர்களின் இடுப்பு எலும்பு மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை சதவீதம் கரைகிறது. தரையில் ஒரு வயதான பெண்மணி ஒரு வருஷத்தில் இழப்பதை அவர்கள் ஒரே மாதத்தில் இழந்துவிடுகிறார்கள், அத்தனைக்கும் மேலே போகும்போது கட்டுமஸ்தான ஆட்கள். 2008ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஒரு எடைப்பயிற்சி இயந்திரம் போயிற்று, வெற்றிடச் சிலிண்டர்களை வைத்து 270 கிலோ வரை பாரம் உண்டாக்கும். அதில் ஒழுங்காக ஸ்குவாட்டும் (பாரத்தோடு உட்கார்ந்து எழுவது) டெட்லிஃப்டும் (குனிந்து பாரத்தைக் கீழிருந்து தூக்கி நிமிர்வது) செய்தவர்களுக்கு இழப்பு நன்றாகக் குறைந்தது. தரையிலேயே கிட்டத்தட்ட எடையில்லாமல் பயிற்சி செய்கிறவர்களும் உண்டு, நீச்சல்காரர்களும் சைக்கிள்காரர்களும்தான். இதயம் குதிரை மாதிரி இருக்கும், ஆனால் எலும்பு அடர்த்தியில் பெரிய லாபம் இருக்காது, தொழில்முறை சைக்கிள் வீரர்கள் பலருக்கு முதுகெலும்பு சராசரியைவிடக் குறைவு.

குழந்தைகள் பக்கம் வருவோம், ஏனென்றால் எலும்பு வங்கியில் உண்மையில் பணம் சேர்கிற வயசு அதுதான். பெண் பிள்ளைகளுக்கு பன்னிரண்டரை வயதையும் ஆண் பிள்ளைகளுக்கு பதினாலு வயதையும் ஒட்டிய இரண்டே வருஷத்தில், வளர்ந்தபின் இருக்கப்போகும் எலும்பில் சுமார் கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பூப்படையும் வயதை எட்டாத பிள்ளைகளை 61 சென்டிமீட்டர் உயரப் பெட்டியிலிருந்து தடவைக்கு நூறு முறை, வாரத்துக்கு மூன்று நாள், ஏழு மாதம் குதிக்க வைத்தார்கள். குதிக்காமல் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, தொடை எலும்பின் கழுத்தில் 4.5 சதவீதம் கூடுதல் சேர்ந்தது. படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது பாண்டியும் நொண்டியும் பச்சைக்குதிரையும்தான். ஒற்றைக்காலில் தொப் தொப்பென்று, திசை மாற்றி மாற்றி, நடுவில் சண்டைக்கு இடைவேளை விட்டு... விஞ்ஞானி உட்கார்ந்து திட்டம் போட்டாலும் இதைவிடப் பொருத்தமாக வராது. அந்த இரண்டு வருஷத்தைத்தான் நாம் டியூஷனுக்கு எழுதிக் கொடுக்கிறோம்.

முப்பதுக்கு அப்புறம் மெல்ல இறங்குமுகம். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் சில வருஷம் சரிவு வேகமாக இருக்கும், இடிக்கிற ஆட்களை அடக்கி வைத்திருந்த ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடுவதால். அந்த வயதில் பாரம் தூக்கினால் உடைந்துவிடும் என்று பயந்து, வாட்டர் பாட்டிலைத் தூக்கி இறக்கச் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் அந்தப் பயத்தையே சோதித்துப் பார்த்தார்கள், முடிவு 2018ல் வந்தது. மாதவிலக்கு நின்று, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள், சராசரி வயது 65. ஒரு பாதிப் பேர் வீட்டில் லேசான பயிற்சி செய்தார்கள். மறுபாதிப் பேர் வாரம் இரண்டு நாள், அரைமணி நேரம், பயிற்சியாளர் பக்கத்திலேயே நிற்க, தங்களால் ஒரேயொரு முறை தூக்க முடிகிற எடையில் 80 சதவீதத்துக்கு மேல் வைத்து டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்குவது ஆகியவற்றை ஐந்தைந்து தடவையாக ஐந்து சுற்று செய்தார்கள், கூடவே கம்பியைப் பிடித்து எம்பி, தொப்பென்று தரையில் இறங்குவதும். எட்டு மாதத்தில் இவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் ஏறியது, வீட்டுப் பயிற்சிக்காரர்களுக்கு 1.2 சதவீதம் இறங்கியது. பாரம் தூக்கியதில் ஒருவருக்கு மட்டும் லேசான முதுகுப் பிடிப்பு, அவ்வளவுதான் சேதம்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாரும் கேஸ் சிலிண்டரைத் தூக்க வேண்டாம். அந்தப் பெண்கள் முதல் மாதம் வெறும் உடம்போடும் லேசான எடையோடும் முறையைத்தான் கற்றார்கள். புது வேலை வந்தால் எலும்பு முதலில் இடித்துவிட்டுத்தான் கட்டும் என்று சொன்னேனே, அந்த இடைவெளியில் பாரத்தை ஏற்றிக்கொண்டே போனால் நுண்விரிசல் விழும். 2019ல் பும்ரா கீழ்முதுகில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் வந்து டெஸ்ட் தொடரில் ஆடாமல் இருந்தார், வேகப்பந்து வீச்சாளர்களுக்கு இது தொழில் வியாதி. ஏற்கெனவே எலும்புப்புரை என்று தெரிந்தவர்கள், முதுகெலும்பு நொறுங்கிக் கூன் விழுந்தவர்கள், குதிப்பதற்கும் பாரம் தூக்குவதற்கும் முன் டாக்டரையும் பிசியோதெரபிஸ்டையும் பார்த்தே ஆகவேண்டும். அவர்கள் இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து முதுகை வளைக்கும் பயிற்சிகளைத் தவிர்ப்பது நல்லது. எலும்புப்புரை உள்ள பெண்களிடம் 1984ல் செய்த ஒரு சிறிய ஆய்வில், முன்பக்கம் வளையும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிதாக முதுகெலும்பு நசுங்கியிருந்தது, பின்பக்கம் நிமிரும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம்தான். காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தாசனம் எல்லோருக்கும் நல்லது என்று சொல்லும் யோகா மாஸ்டர்கள் இதைக் கேட்டால் கோபப்படுவார்கள், பரவாயில்லை.

சாப்பாட்டைப் பற்றி நீட்டப் போவதில்லை. கட்டுகிற ஆட்கள் வந்துவிட்டால் மட்டும் போதாது, சிமென்ட்டும் கம்பியும் வேண்டும். வளர்ந்தவர்களுக்கு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு 1200 என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 இருக்கிறது, ஒரு டம்ளர் பாலில் இருநூறுக்கு மேல். கால்சியம் உடம்பில் ஒட்ட வைட்டமின் டி வேண்டும், கொலாஜனுக்குப் புரதம் வேண்டும். பயிற்சியை ஏற்றிவிட்டு சாப்பாட்டைக் குறைக்கும் இளம் பெண்களுக்கு மாதவிலக்கே நின்று எலும்பும் கரைவது உண்டு, அதையும் மனதில் வையுங்கள்.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் போனில் சொன்னால் எடுபடாது என்று நேரிலேயே போனேன். முதலில் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்தோம். ஆரம்பம் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி டொக்கென்று தரையில் இறக்குவது, ஒற்றைக்காலில் நிற்பது. ஒற்றைக்கால் எதற்கென்றால், தடுமாறி விழாமல் இருக்கத்தான்; விழாமல் இடுப்பு உடைவது அபூர்வம். மூன்றாவது மாதம், இடுப்பை மடக்கி முதுகை நேராக வைத்து ஐந்து கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து எடுப்பது என்று ஆரம்பித்து, இப்போது பத்து கிலோ பையில் இருக்கிறார். ரேஸ்கோர்ஸை விடவில்லை, விடவும் சொல்லவில்லை, இரண்டாவது ரவுண்டில் மட்டும் ஒரு நடைபாதைப் படிக்கட்டில் ஏறி ஏறி இறங்குகிறாராம், தோழிகள் சிரிக்கிறார்களாம்.

அடுத்த ஸ்கேன் தை மாதம். அதற்கு முன்னால் எடுத்துப் பயனில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும், வாரத்துக்கு ஒருமுறை போன் வந்துவிடுகிறது: "இப்பப் போயிப் பாத்தா கொஞ்சமாச்சும் ஏறியிருக்காதா கண்ணு?"